மொத்தம் இல்லாத வருஷம்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் 58 கிலோ உடல் எடைப் பிரிவின் பளுதூக்கல் முடிவுப் பட்டியலை ஒருக்கா எடுத்துப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு ஹிடிலின் டியாஸின் பெயருக்கு நேரே ஸ்னாச் (கம்பியை நிலத்திலிருந்து ஒரே இழுவையில் தலைக்கு மேலே தூக்குவது) எடை இருக்கும். மொத்தம் என்ற கட்டத்தில் ஒன்றும் இராது. கிளீன் அன்ட் ஜேர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேலே தூக்குவது) கிடைத்த மூன்று தடவையும் அவரால் தூக்க முடியவில்லை. இந்த இரண்டிலும் தூக்கின கூடிய எடைகளைக் கூட்டினால்தான் மொத்தம், இரண்டில் ஒன்று போனால் மொத்தமே இல்லை என்பதுதான் இந்த விளையாட்டின் சட்டம். தொடக்க விழாவில் தன் நாட்டுக் கொடியை ஏந்தி முன்னால் நடந்தவர், போட்டி முடிந்தபோது பட்டியலில் இடமே இல்லாமல் நின்றார்.

அவரைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் டோக்கியோத் தங்கத்தைத்தான் கதைப்பார்கள். பிலிப்பைன்ஸ் 1924இலிருந்து ஒலிம்பிக்குக்குப் போகிறது. அந்த நாட்டின் முதல் தங்கம் 2021இல் அவர் கையில் வந்தது. அதைக் கொண்டாடத்தான் வேண்டும். எனக்கென்றால் லண்டனுக்கும் ரியோவுக்கும் இடையில் கிடக்கிற அந்த நாலு வருஷம்தான் பெரிது.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. என் மூத்தவள் பளு தூக்குகிறாள். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில், மரப்பலகை அடித்த மேடையில், பின்னேரங்களில் பயிற்சி. பெண்களுக்கான கம்பி மட்டுமே 15 கிலோ. முதல் மாதங்களில் அதில் ஒரு தட்டும் போட விடமாட்டார் அவளைப் பழக்குகிற சேர். வெறும் கம்பியோடு குந்தி எழும்பச் சொல்லுவார், முழங்கை எப்படித் திரும்புகிறது, பாதம் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார். நான் மதிலோரம் இருந்து கொப்பி திருத்துவேன். கம்பி வழுக்காமலிருக்க வெள்ளைத் தூள் பூசின அவளுடைய கைகளை முதல் நாள் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை மறைக்க முடியவில்லை.

வீட்டில் அது அவ்வளவு இலகுவாகப் போகவில்லை. மாமி நேரே கேட்டா: "பொம்பிளைப் பிள்ளை உந்தப் பாரத்தைத் தூக்கினா நாளைக்கு வயிறு தாங்குமே? கலியாணம் பேச வாற ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"நீங்கள் பலாப்பழத்தைக் கடகத்தில வைச்சுத் தலையில சுமந்து சாவகச்சேரிச் சந்தைக்கு நடக்கேக்க ஆர் மாமி உங்கட வயித்தைப் பற்றிக் கேட்டது? ஐஞ்சு பிள்ளையும் சுகமாத்தானே பெத்தனீங்கள்?"

மாமி அதற்குப் பிறகு வயிற்றுக் கதையை விட்டுவிட்டு வளர்த்திக் கதைக்கு வந்தா. குட்டையாய்ப் போய்விடுவாள் என்று ஒழுங்கையில் இருக்கிற பெண்டுகள் சொல்லுகிறார்களாம். சரியாகப் பழக்குகிற ஒருவரின் கண்ணுக்கு முன்னால், வயதுக்கு ஏற்ற எடையோடு பழகினால் அப்படி ஒன்றும் நடக்காது. பாரம் குறைந்த பிரிவுகளில் குட்டையான ஆட்கள் வெல்லுவதைப் பார்த்துவிட்டு, தூக்கினதால்தான் குட்டை என்று சனம் மறுபக்கமாகக் கணக்குப் போடுகிறது.

போன வருஷம் ஒரு போட்டியில் மகளுக்கு ஸ்னாச் மூன்றும் விழுந்தது. முதலாவது பின்னால் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் கம்பி நெஞ்சுக்கு மேலே வரவேயில்லை. வான் வண்டியில் திரும்பி வரும்போது ஒருவரும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்த அடுத்த நாளே சொந்தக்காரர் ஒருவர், "சரி, ஆசைக்குச் செய்து பாத்தாச்சு, இனி ஓ.எல் சோதனைக்குப் படிக்கட்டும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. எங்கள் ஊரில் பெட்டைப் பிள்ளைகள் விளையாட்டை விடுவது ஆரும் அடித்துத் தடுத்து அல்ல. முதல் தோல்விக்கும் முதல் பெரிய சோதனைக்கும் நடுவில், எல்லாரும் அன்பாகச் சொல்லச் சொல்லத்தான் விடுகிறார்கள்.

அந்தக் கிழமைதான் மூன்றும் விழுந்த பெரிய ஆட்கள் ஆரும் இருக்கிறார்களா என்று தேடினேன். ஹிடிலின் வந்தார்.

அவர் 1991இல் சம்போவங்காவில் பிறந்தவர். மின்டனாவோத் தீவின் மேற்கு மூலை அது. தகப்பன் முச்சக்கர வண்டி ஓட்டினவர், பிறகு தோட்டமும் மீன்பிடியும். ஆறு பிள்ளைகளில் ஹிடிலின் ஐந்தாவது. வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வளர்ந்தவர். பளு தூக்கச் சொல்லிக் கொடுத்தது மச்சான் முறையான ஒருவர். தொடக்கத்தில் தூக்கினது சீமெந்தில் வார்த்த எடைகளை. 2013 செப்டம்பரில் அந்த நகரத்தில் மூன்று கிழமை சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் இடம்பெயர்ந்தது. 2000ஆம் ஆண்டில் சாவகச்சேரியை விட்டு மூட்டையோடு வெளிக்கிட்டவர்களுக்கு அந்த வரிகளை வாசிக்கும்போது எப்படி இருக்கும் என்று தெரியும்.

17 வயதில் பீஜிங் போனார். பிலிப்பைன்ஸில் இருந்து ஒலிம்பிக்கில் பளு தூக்கின முதல் பெண் அவர்தான். அங்கே பதக்கத்துக்குக் கிட்டவும் போகவில்லை. நாலு வருஷத்தில் லண்டன். மொத்தம் இல்லை.

அந்த இடத்தில் விட்டிருந்தால் அவரை இன்று ஆருக்கும் தெரியாது. விடவில்லை. விமானப்படையில் சேர்ந்தார், அது ஒரு சம்பளத்தைத் தந்தது. (இலங்கையிலும் பளு தூக்குகிறவர்கள் கனபேர் படைகளின் கழகங்களில்தான். எங்கள் வீடுகளில் அந்தக் கதையை எடுப்பதே கஷ்டம். ஏன் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு ஒரு சம்பளம், வேறு ஒரு வழி வேண்டும். அதை ஆர் யோசிக்கிறோம்?)

அதோடு 58 கிலோப் பிரிவிலிருந்து 53க்கு இறங்கினார். எழுத ஒரு வரிதான். ஒரு தாயாக எனக்கு அந்த வரி பெரிசு. முற்றிப்போன ஒரு விளையாட்டு வீராங்கனையின் உடம்பில் ஐந்து கிலோவைக் குறைத்து, தூக்குகிற பலத்தைக் குறையாமல் வைத்திருப்பது பட்டினி கிடந்து முடிகிற காரியமில்லை. பட்டினி கிடந்தால் முதலில் போவது பலம். என் மகளும் போட்டிக்கு முன் இராச் சாப்பாட்டைத் தவிர்க்கப் பார்த்தவள். நான் விடவில்லை. குரக்கன் புட்டு, அவித்த முட்டை, பயறு, சூடைமீன் குழம்பு, முருங்கையிலை வறை, இவை குறையக்கூடாது. அவள் எந்தப் பிரிவில் நிற்கிறாளோ அந்தப் பிரிவு அவள் உடம்புக்கு வரட்டும். இந்த வயதில் அவளை இறக்கச் சொல்லி ஆர் வந்து கேட்டாலும் என் பதில் அதுதான்.

2016 ரியோ. இங்கேதான் எனக்கு மேல் புல்லரித்தது. சீனாவின் லி யாஜுன் ஸ்னாச்சில் 101 கிலோ தூக்கி ஒலிம்பிக் சாதனை வைத்துவிட்டு, கிளீன் அன்ட் ஜேர்க்கில் மூன்றையும் விட்டார். லண்டனில் ஹிடிலினுக்கு நடந்தது அச்சொட்டாக அவருக்கு நடந்தது. தாய்வானின் சூ ஷு-சிங் 212 கிலோவோடு தங்கம். ஹிடிலின் 88, 112, மொத்தம் 200, வெள்ளி. தென்கொரியாவின் யூன் ஜின்-ஹீ 199, வெண்கலம். இருபது வருஷமாகப் பிலிப்பைன்ஸுக்கு ஒலிம்பிக் பதக்கமே கிடைத்திருக்கவில்லை. அந்த நாட்டில் ஒலிம்பிக் பதக்கம் எடுத்த முதல் பெண்ணும் ஹிடிலின்தான். வெள்ளியும் வெண்கலமும் ஒரு கிலோவால் பிரிந்தன. மற்றவர் விழுந்ததால் கிடைத்த பதக்கம் என்று சிலர் சொல்லுவார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். மூன்று தடவையில் ஒன்றையாவது மேலே நிறுத்துவதுதான் இந்தப் போட்டி. அதை அவர் லண்டனில் கட்டின விலையில் கற்றவர்.

மகளுக்கு இதைக் காட்டினேன். திரையைப் பிடித்து லண்டன் பட்டியலைத்தான் கனநேரம் பார்த்தாள். "அம்மா, அவவும் மூண்டையும் விட்டவவோ?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்குப் போனாள்.

ரியோவுக்குப் பிறகு அவரைச் சுற்றி ஒரு அணி வந்தது. சீனப் பயிற்றுநர் காவோ கைவென், உடல்வலுப் பயிற்சிக்கு ஜூலியஸ் நரான்ஹோ (இருவரும் 2022இல் கலியாணம் செய்தார்கள்), சாப்பாட்டைப் பார்க்க ஒருவர், மனதைப் பார்க்க ஒருவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். இவ்வளவும் செய்தவர் 2019இல், ஒலிம்பிக்குக்குத் தயாராகக் காசு காணாது, தனியார் கம்பனிகளிடம் உதவி கேட்கலாமா என்று சமூக ஊடகத்தில் எழுத வேண்டி வந்தது. வெள்ளி எடுத்த பெண். தங்கத்துக்குப் பிறகு வீடும் கோடிக்கணக்கான பணமும் வந்து குவிந்தன. அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பங்கு 2013இல் வந்திருந்தால் எவ்வளவு பாதை சுருங்கியிருக்கும் என்று எனக்குக் கோபம் வருகிறது.

2020 பெப்ரவரியில் பயிற்சிக்கென்று மலேசியா போனவர் கொரோனா முடக்கத்தில் அங்கேயே மாட்டுப்பட்டார். ஜிம் பூட்டு. ஒரு மூங்கில் தடியின் இரண்டு முனையிலும் பெரிய தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டித் தூக்கினார். பிறகு மலாக்காப் பக்கம் போய்ப் பழகினார்.

2021 யூலை 26, டோக்கியோ, 55 கிலோப் பிரிவு. எங்களுக்குப் பின்னேரம். இந்தப் போட்டியின் கணக்கை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டியிருக்கிறேன். ஹிடிலினும் சீனாவின் லியாவோ சியூயுனும் ஸ்னாச்சில் ஆளுக்கு 97. கிளீன் அன்ட் ஜேர்க்கில் ஹிடிலின் இரண்டாவது தடவையில் 124 தூக்கினார், மொத்தம் 221. லியாவோ கடைசித் தடவையில் 126, மொத்தம் 223. ஹிடிலினிடம் ஒரு தடவை மிச்சம். 126 கேட்டால் சமன். சமன் வந்தால் அந்த மொத்தத்தை முதலில் எட்டினவருக்கே தங்கம், அதாவது லியாவோவுக்கு. ஆகவே கேட்க வேண்டியது 127. தூக்கினார். 224. இரண்டும் ஒலிம்பிக் சாதனை. அன்றைக்கு அவர் கம்பியைக் கீழே விடுகிற முகத்தை நான் எத்தனை தரம் பார்த்தாலும் கண் கலங்கும்.

அடுத்த வருஷம் பொகோட்டாவில் உலகச் சம்பியனும் ஆனார். பிறகு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு 55 கிலோப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். 59க்கு ஏற வேண்டி வந்தது. ஒரு பிரிவில் ஒரு நாட்டுக்கு ஒருவர்தான் போகலாம். 2024 ஏப்ரலில் புக்கெட்டில் நடந்த கடைசித் தகுதிப் போட்டியில் அவரை முந்தினவர் சொந்த நாட்டுப் பெண் எல்ரீன் ஆண்டோ. ஐந்தாவது ஒலிம்பிக் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆண்டோ பாரிஸில் ஆறாவதாக வந்தார். அந்த நாட்டில் இப்போது ஒரு பிரிவில் ஒருவரை ஒருவர் முந்துகிற அளவுக்குப் பெண்கள் இருக்கிறார்கள். 2018 பொதுநலவாய விளையாட்டில் எங்கள் தினுஷா கோமஸ் 48 கிலோப் பிரிவில் 155 தூக்கி வெண்கலம் எடுத்தார். அதே மேடையில் தங்கம் எடுத்த மணிப்பூரின் மீராபாய் சானு 196. அந்த இடைவெளி பெரிசுதான். பயிற்சிக் கொட்டில்களும் சாப்பாடும் சம்பளமும் சேர்ந்துதான் அதைக் குறைக்கும், எங்கள் பிள்ளைகளின் உடம்பில் ஒரு குறையும் இல்லை.

மகளுக்கு அடுத்த போட்டி வருகிறது. ஸ்னாச்சில் முதல் எடையை ஐந்து கிலோ குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறார் சேர். முதலாவது மேலே நின்றால்தான் மற்ற இரண்டையும் துணிந்து கேட்கலாம் என்கிறார். அவளுக்கு அது பிடிக்கவில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் குறைவாகத் தொடங்குவதாம். இரண்டு நாளாக வீட்டில் இதே வாக்குவாதம். நான் சேர் பக்கம். மாமியும் இப்போது சேர் பக்கம்தான்.