அரிஸ்டோபனிஸ் யார் யாரிடம் இருந்தார்?

பழங்காலக் கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனிஸின் நாடகங்களை 1498-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சிட்டார். அந்தத் தொகுப்பின் ஒரு பிரதியை நேரில் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "இணையத்தில்தான் முழுப் புத்தகமும் கிடக்கிறதே?" என்றார்கள் நூலகத்தில். நியாயமான கேள்விதான். ஆனால் இணையத்தில் இருப்பது வேறொரு பிரதி. நாடகத்தைப் படிக்க அது போதும். இந்தப் பிரதி யார் யாரிடம் இருந்தது என்று தேட இதையேதான் பார்த்தாக வேண்டும். அதைக் கடிதமாக எழுதி, பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகு கதவு திறந்தது.

சினிமாவில் வருவதுபோல் வெள்ளைக் கையுறை எல்லாம் கிடையாது. கையுறை போட்டால் தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழிந்துவிடும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் போதும். பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.

முகப்புப் பக்கத்தில் ஓர் இயேசு சபைக் கல்லூரியின் பெயர், மேலே ஒரு கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. போப் அந்தச் சபையை 1773-இல் கலைத்தார். முகப்புத் தாளின் பின்பக்கத்தில், ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள மியூனிக் அரச நூலகத்தின் 'இரட்டைப் பிரதி' முத்திரை. 1803-இல் பவேரிய மடங்களின் புத்தகங்கள் மியூனிக்கில் வந்து குவிந்தன. ஒன்றுக்கு மேல் இருந்தவற்றை முத்திரை குத்தி விற்றார்கள். பவேரியா முடியரசானது 1806-இல். ஆகவே 'அரச' முத்திரை அதற்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும். இப்படி ஒரு முத்திரையை வைத்துக் காலத்தைப் பிடிக்கும்போது வருகிற குஷியே தனி.

கல்லூரிப் பெயருக்கு மேலே யாரோ கத்தியால் சுரண்டிய இடம் ஒன்று இருந்தது. புற ஊதா விளக்கு கேட்டேன். பழைய இரும்பு மை அந்த ஒளியில் கருப்பாகத் தெரியும். 'யோஹான்னெஸ்' வரைக்கும் படிக்க முடிந்தது, அதற்கப்புறம் ஓட்டை.

எனக்குப் பிடித்தது ஓரக்குறிப்புகள்தான். நாடக வரிகளைச் சுற்றிப் பழைய கிரேக்க உரை பொடி எழுத்தில் நெருக்கி அச்சாகியிருக்கிறது. மிச்சமிருக்கிற வெள்ளைத் தாளிலும் ஒரு கை எழுதித் தள்ளியிருக்கிறது. முதல் நாடகமான 'புளூட்டஸ்' முழுக்கக் குறிப்புகள். 'மேகங்கள்', 'தவளைகள்' இரண்டிலும் அங்கொன்று இங்கொன்று. நான்காவதிலிருந்து ஒரு புள்ளிகூட இல்லை. பள்ளிகளில் காலங்காலமாகப் பாடமாக இருந்ததும் அந்த முதல் மூன்று நாடகங்களே. மனிதர் பாடத்துக்கு மேல் ஒரு வரி படித்ததாகத் தெரியவில்லை!

எல்லாவற்றையும், பழைய அச்சுப் புத்தகங்களின் பிரதிகள் யார் யாரிடம் இருந்தன என்று பதிவு செய்யும் எம்.ஈ.ஐ. தரவுத்தளத்துக்காகத் தொகுத்தேன். 15-ஆம் நூற்றாண்டில் அச்சான புத்தகங்களுக்கு மட்டுமே அங்கே இடம். ஆல்டஸே 1502-இல் போட்ட, இன்னொரு கிரேக்க நாடகாசிரியரான சோபக்ளிஸின் புத்தகத்துக்கு இல்லை. ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் காலம், ஊர், ஆதாரம் என்று தனித்தனிப் பதிவு. கல்லூரிக்கும் மியூனிக்குக்கும் சிரமமில்லை. யோஹான்னெஸுக்கு மட்டும் ஊர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, '16-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தாக இருக்கலாம்' என்று எழுதி அனுப்பினேன்.