அக்காவின் புளி

2025 ஜூன் 29, ஞாயிறு

இன்றைக்கு எங்கள் போன்சாய்ச் சங்கக் கூட்டத்தில் (சட்டியில் மரத்தைக் குட்டையாக வளர்க்கிறவர்கள் நாங்கள்) நான் வாயை வைத்திருக்கக் கூடாது, வைத்துவிட்டேன். பதினொரு பேர், பதினாறு சட்டி, எல்லாம் மேசையில் வரிசையாக. மருது, வேம்பு, இத்தி, புளி, ஒரு பூவரசு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மரம். முக்கோண உருவம், கம்பி சுற்றிக் கீழே இழுத்த கொப்புகள், உச்சியில் ஒரு கூர். "இது எந்த ஊர் மரம்?" என்று கேட்டேன். "ஜப்பான் பைன் மாதிரித் தம்பி" என்று மாஸ்டர் பெருமையாகச் சொன்னார். ஜப்பானில் பைன் மரத்தின் கொப்பு ஏன் கீழே இறங்கி நிற்கிறது? குளிர்காலத்துக்குக் குளிர்காலம் பனி கொட்டி, அந்தப் பாரத்தில் இறங்குகிறது. மட்டக்களப்பில் பனி என்றால் மார்கழி விடியலில் வெத்திலைக் கொடியில் நிற்கிற ஈரம். அதன் பாரத்துக்கு எந்தக் கொப்பு வளையும்? இதை அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. காத்தான்குடிக் காக்காதான் சமாளித்தார் (முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்). "சரி தம்பி, அப்ப போய்ப் பாப்பம், நம்மட மரத்த." முடிவு இதுதான்: ஒரு மாதத்துக்கு யாரும் கம்பி தொடக்கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வோர் இடம், கையில் கொப்பியும் பென்சிலும். போனில் படம் பிடித்தால் கணக்கில்லை, கீறத்தான் வேண்டும் என்று காக்கா ஒரு சட்டம் வேறு போட்டார். எனக்குக் கோழி கூடக் கீற வராது.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் அக்காவோடு நிற்கிற அத்தான் போன் எடுக்கவில்லை.

ஜூன் 30

எடுக்கவில்லை.

ஜூலை 2

வேலை விட்டு வீட்டுக்கு வராமல் மண்முனைப் பாலத்தைத் தாண்டிப் போனேன். ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை, வீட்டில் இருந்தால் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொக்கட்டிச்சோலைக்குப் போகிற வழியில் வயல்கரையில் ஒரு புளி நிற்கிறது, சின்ன வயதில் அப்பாவோடு தேருக்குப் போகும்போது அதன் கீழே சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடிப்போம். (கொக்கட்டி மரத்தால் பெயர் வந்த ஊர் அது. எங்கள் பதினொரு பேரில் ஒருவரிடமாவது சட்டியில் ஒரு கொக்கட்டி இருக்கிறதா? இல்லை.)

அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து அளவுநாடா எடுத்துப் போயிருந்தேன். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 4.4 மீற்றர். அப்படியென்றால் குறுக்கே 1.4. தடியை நட்டு, தடியின் நிழலையும் மரத்தின் நிழலையும் அளந்து கணக்குப் போட்டால் உயரம் 14 மீற்றர் அளவில் வருகிறது. ஒன்றுக்குப் பத்து. நாங்கள் சட்டியில் ஒன்றுக்கு ஆறு என்று பாடமாக்கி வைத்திருக்கிறோம், அதைவிடப் பெருத்தால் இன்னும் திறம் என்று நினைக்கிறோம். மரத்தின் பார்வைக்கு வயது வருவது அடி பருமனால் மட்டும் இல்லை போல. அகலத்தைக் கால்களால் அளந்தேன், உயரத்தைவிட அகலம்தான் கூட.

உச்சி எது என்று அரைமணி நேரம் தேடினேன். உச்சி இல்லை! ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே தண்டு மூன்றாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் திரும்பப் பிரிகிறது, மேலே போய் ஐந்தாறு கொப்புகள் ஒரே உயரத்தில் நின்று இடத்தைப் பங்கு போட்டிருக்கின்றன. கவிழ்த்த சட்டி மாதிரி. பக்கத்து வரம்பில் அதன் பிள்ளை ஒன்று நிற்கிறது, பத்து வயது இருக்கும், அதற்குத்தான் கூரான உச்சி. ஆக நாங்கள் பாடுபட்டுச் சட்டியில் செய்வதெல்லாம் பத்து வயதுப் பிள்ளை.

கீழ்க்கொப்புகளும் அப்படித்தான். தண்டிலிருந்து புறப்படும்போது எல்லாம் மேல் நோக்கித்தான் புறப்படுகின்றன. நாலைந்து மீற்றர் போனபிறகு தன் பாரத்திலேயே தாழ்ந்து, தாழ்ந்த இடத்தின் முதுகில் புதுக் கொப்பு ஒன்று எழும்பி நிற்கிறது. அந்த முழங்கை மாதிரி இடத்தை நாலு தடவை கீறி நாலு தடவையும் அழித்தேன்.

வயலால் வந்த ஐயா ஒருவர் நாடாவைப் பார்த்துவிட்டுக் கேட்டார், "என்ன தம்பி, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறியா?"

ஜூலை 3, இரவு

அத்தான் எடுத்தார். ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, படிக்க ஆள் இல்லையாம், திங்கள் வரச் சொன்னார்களாம்.

நித்திரை இல்லை. வெளியே போய் டோர்ச் அடித்துப் பார்த்தேன். சட்டியில் நிற்கிற அக்காவின் புளி இலையெல்லாம் மடித்து வைத்துக்கொண்டு தூங்குகிறது. அதன் உச்சி மட்டும் கூராக, நேராக. இத்தனை வருடம் அதைத்தான் அழகு என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

முகத்துவாரம். ஒன்பது பேர் வந்தார்கள், மாஸ்டர் வரவில்லை. வெளிச்சவீட்டில் இருந்து கரையோரம் நடந்தோம். கச்சான் காற்று பிய்த்து அடிக்கிறது, கொப்பித் தாளைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். அங்கேதான் ஒரு நல்ல சண்டை வந்தது. கச்சான் தரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது, ஆனால் கரைப் பற்றையெல்லாம் தரைப் பக்கம் சாய்ந்து நிற்கிறதே, ஏன்? எங்களோடு வருகிற பொடியன் சொன்னான், மாரியில் வாடைக்காற்று தள்ளித்தள்ளி வளைத்துவிட்டது என்று. கிட்டப் போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. எந்தத் தண்டும் வளையவில்லை. கடல் பக்கத்துக் கொப்பெல்லாம் செத்துப் போயிருக்கின்றன. வாடையோடு வருகிற உப்புத் தூவானம் அந்தப் பக்கத்து முளையை எரித்துவிடுகிறது, மறைப்பில் இருக்கிற முளைதான் பிழைக்கிறது, வருடத்துக்கு வருடம் இதே கதை. சாய்ந்த மரமே இல்லை இது, ஒரு பக்கம் செத்துச் செத்து மறுபக்கம் வளர்ந்த மரம்.

ஒரு கிளை, சுண்டுவிரல் பருமன் இருக்காது. கடல் பக்கம் வெள்ளையாகக் காய்ந்த குச்சிகள் எண்ணிப் பதினேழு, சீப்பின் பல் மாதிரி. மறுபக்கம் நெருக்கமாக இலை. காய்ந்த குச்சிகளின் அடியில் தோல் தடித்து ஒரு உதடு மாதிரிச் சுற்றி மூடப் பார்த்திருக்கிறது. நாங்கள் 'காற்றடித்த மரம்' செய்கிறோம் என்று எல்லாக் கொப்பையும் ஒரு பக்கம் கம்பியால் இழுத்து, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை மாதிரி வைத்திருக்கிறோம். செத்த குச்சி ஒன்று கூட இல்லை. சுத்தமாக நறுக்கி எறிந்துவிடுகிறோம்.

வரும்போது கல்லடியில் பிளேன்டி. காக்கா காசு கொடுக்க விடவில்லை.

ஜூலை 7

திங்கள். போன் வரவில்லை. நான் எடுத்தேன், அத்தான் "பிறகு கதைக்கிறன்" என்றார். பின்னால் அக்காவின் இருமல் சத்தம்.

ஜூலை 9

ஒன்றும் ஓடவில்லை. அம்மா இன்றைக்கும் தொடங்கிவிட்டார், மரத்தைக் கட்டிப்போட்டு வளர்க்கிறது பாவம், அந்தப் பாவம்தான் வீட்டைச் சுற்றுகிறது என்று. சட்டெனக் கோபம் வந்து, "அந்தக் கிணத்துக்கட்டுல விட்டிருந்தா 2009லயே அத வெட்டி எறிஞ்சிருப்பீங்க" என்று கத்திவிட்டேன். உண்மைதான், கட்டு வெடிக்கிறது என்று கத்தியோடு நின்றவர் அவர்தான், கெஞ்சிப் பிடுங்கி என் கையில் தந்தது அக்கா. ஆனால் கத்தியிருக்க வேண்டாம். பிறகு இரண்டு பேரும் பேசாமல் பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டோம்.

இரவு மாஸ்டருக்கு மன்னிப்புக் கேட்டு எடுத்தேன். அவர் அரைமணி நேரம் ஜப்பான் கதை சொன்னார். 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோ எரிந்தபிறகு போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி ஒமியாவுக்குப் போய் 1925இல் ஒரு கிராமமே போட்டார்களாம். அப்புறம் மெதுவாகச் சொன்னார், சீனாவின் தெற்கில் லிங்னான் பக்கத்தில் கம்பியை நம்புவதில்லை, கொப்பை ஓடவிட்டு, பருத்ததும் வெட்டி, அடுத்த முளையை ஓடவிட்டு வெட்டி, அப்படியே முழங்கை முழங்கையாகக் கொண்டுபோவார்கள், நம்மட சூட்டுக்கு அதுதான் சரி என்று. மனிசன் இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் முக்கோணம் செய்கிறார்!

ஜூலை 13, ஞாயிறு

குடும்பிமலை. கிரானால் போய்ப் புழுதியில் குளித்து. யானை பயத்தில் பத்து மணிக்குப் பிறகுதான் வேனை விட்டு இறங்கினோம். மாஸ்டர் வந்தார், தொப்பியோடு, முதல் ஆளாக.

பாறை வெடிப்பில் ஒரு இத்தி. மண் என்று ஒரு கைப்பிடி இருக்காது. வேர் பாறையில் ஓடும்போது உருண்டையாக இல்லை, உருகி வழிந்த மெழுகு மாதிரித் தட்டையாகப் பரவி, வெடிப்புக் கிடைத்த இடத்தில் மட்டும் திரண்டு உள்ளே இறங்குகிறது. இரண்டு வேர் சந்தித்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோல். மாஸ்டர் அதன் முன்னால் சப்பாணி கட்டி இருந்து, ஒரு மணி நேரம், யாரோடும் பேசாமல் கீறினார். நன்றாகக் கீறுகிறார். நாங்கள் சட்டியில் வேரை எட்டுத் திசைக்கும் சமமாகச் சைக்கிள் கம்பி மாதிரி விரித்துவிடுகிறோம், இங்கே மேட்டுப் பக்கம் ஆறு வேர், பள்ளத்துப் பக்கம் ஒன்றே ஒன்று, அதுவும் தூண் மாதிரி.

மேலே சிக்னல் இருந்தது. போன் மூன்று தரம் அடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை 18ஆம் தேதி அக்காவுக்கு ஒப்பரேசன்.

ஜூலை 14

மழை இல்லை. வாளி வாளியாக ஊற்றுகிறேன்.

ஜூலை 15

காக்கா காத்தான்குடியில் தன் மாமியின் வளவுக்குக் கூட்டிப் போனார், "உனக்கு ஒண்டு காட்டணும்" என்று. ஒரு வேம்பு. ஒன்பது அடி வரை நேராகப் போய், அங்கே சடாரென்று பக்கவாட்டில் திரும்பி, திரும்ப மேலே ஏறுகிறது. திரும்பின இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய பொந்து, விளிம்பெல்லாம் தடித்து. "இது எழுபத்தெட்டு" என்றார். 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி. அவருக்கு எட்டு வயது, வாப்பா எல்லாரையும் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மேலே தான் படுத்திருந்தாராம், விடிந்து பார்த்தால் வானம் பெரிதாக இருந்ததாம், மறைக்க ஒரு தென்னை இல்லை. இந்த வேம்பு முறிந்து மொட்டையாக நின்று, பக்கத்துக் கொப்பொன்று மெல்ல மெல்லத் தண்டாகிவிட்டது.

எங்கள் சட்டி மரங்களில் வளைவு இருக்கிறது, எந்த வளைவுக்கும் தேதி இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 17

அக்காவின் புளியின் உச்சியை வெட்டிவிட்டேன். 62 சென்ரிமீற்றரில் 24 போய்விட்டது. இடப்பக்கக் கொப்புக்கு ஒரு விரல் மேலே, சின்ன வாளால், சரிவாக. பெருவிரல் பருமன்தான், ஆனால் கடைசி இழுவையில் கை நடுங்கி ஒரு பக்கத்துத் தோல் கொஞ்சம் கிழிந்துவிட்டது. மெழுகு வைத்தேன். வெட்டிய உச்சியை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்ப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன், பிடிக்காது என்று தெரியும்.

கச்சான் நேரத்தில் வெட்டுவது மடத்தனம். இன்னும் இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

ஏழரைக்கு அக்காவே எடுத்தார். "டேய், என்ட புளி எப்பிடி?"

"நல்லாயிருக்கு அக்கா."

"வெயிலுக்குள்ள வைக்காத. நிலத்துல வச்சிருந்தா இப்ப ஒரு சாக்குப் புளி எடுத்திருப்பம், நீயும் உன்ட சட்டியும்." சிரித்தார், இருமினார், போனை அத்தானிடம் கொடுத்துவிட்டார்.

ஜூலை 18

மூன்றரை மணிநேரம். முடிந்தது என்றார்கள். வெளியே எடுத்ததை எங்கோ அனுப்பியிருக்கிறார்களாம், மறுமொழிக்குப் பத்து நாள்.

ஜூலை 20, ஞாயிறு

போகவில்லை. அவர்கள் வாவிக்கரையில் கண்டல் பார்க்கப் போனார்கள். மாஸ்டர் திரும்பும் வழியில் வந்து வெட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று இருந்தேன். மெழுகைச் சுற்றி விரலால் தடவிவிட்டு, "தண்ணிய பாதியாக்கு, இலை குறைஞ்சா குடியும் குறையும், அழுகிப்போடும்" என்றார். அக்காவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது ஒரு பொதி தயிரை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

மாமாங்கம் கோயில். அப்பாவுக்குத் தீர்த்தம். சனத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றேன், நிழலுக்கு ஒதுங்கிய இடத்தில் தலையை அண்ணாந்து கொப்பு எங்கே முழங்கை மடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, அம்மா தோளில் தட்டி, "இண்டைக்காவது சாமியப் பாரு மனே" என்றார். பார்த்தேன்.

ஜூலை 26

ஒன்பதாம் நாள். விடிய எழும்பியதும் அதுதான் முதல் வேலை. இடப்பக்கக் கொப்பின் அடியில், இலைக்காம்பு ஒட்டுகிற மூலையில், வெள்ளையாக ஒரு புள்ளி. நேற்று இல்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் குனிந்து பார்த்து "முளைதான்டா" என்றார், சொல்லும்போது குரல் ஒரு மாதிரி. கண்ணாடியை எடுத்துவந்து திரும்பப் பார்த்தால் மாவுப்பூச்சி. ஈர்க்கால் தட்டிவிட்டேன். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

பத்து நாள் என்று சொன்னது வேலை நாளா, சும்மா நாளா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், சனி ஞாயிறை விட்டால் எப்படியும் முதலாம் தேதி ஆகிவிடும், வேலை நாளென்றால் இன்னும் ஆறு, சும்மா நாளென்றால் நாளை மறுநாள்

அத்தான் எடுக்கிறார்.