மீதி எங்கே?

"இப்போ நாம பார்க்கிறது பழைய அரண்மனையில் நாலில் ஒரு பங்குதான்." மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலின் முற்றத்தில் நின்று இந்த வரியை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள், நானும் அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஒருநாள் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் கேட்டாள்: "அப்போ மீதி எங்கே, மாமா?"

இடிஞ்சு போச்சும்மா என்றேன். அவள் விடவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடிஞ்சதெல்லாம் எங்கே கிடக்கு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் கைடு வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த நாட்களில் நான் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் இருந்தேன். காலையில் கோயில், அப்புறம் வேனில் ஏறி மஹால், நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டும். கையில் இரண்டு பக்கக் குறிப்பு கொடுத்திருந்தார்கள். 1636இல் கட்டியது, 248 தூண்கள், சொர்க்க விலாசம் என்கிற அரியணை மண்டபம், ஆட்டம் பாட்டு நடந்த நாடகசாலை, படம் எடுத்துக்கொள்ளப் பத்து நிமிஷம். அதை நன்றாகவே மனப்பாடம் செய்திருந்தேன். வந்தவர்களும் குறை சொன்னதில்லை. ஆனால் அந்தக் குழந்தை கேட்ட இரவு, இத்தனை நாளும் மனிதர்களை வேனிலிருந்து இறக்கி ஒரு தூணுக்கு முன்னால் நிறுத்தியதைத் தவிர வேறென்ன செய்தோம் என்று தோன்றியது.

அடுத்த வருஷமே அங்கிருந்து விலகி, சொந்தமாக நடைப்பயணம் கூட்டிப்போக ஆரம்பித்தேன். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு பேர். வேன் கிடையாது. காலை ஏழரைக்குப் புது மண்டபத்து வாசலில் கூடினால், ஒன்பது மணிக்கு மஹால் கதவு திறக்கும்போது அங்கே போய்ச் சேர்வோம். நேராக நடந்தால் அரை மணிகூட ஆகாத தூரம்தான். ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அரண்மனையின் கதை வாசலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

புது மண்டபம் திருமலை நாயக்கர் கட்டியது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே, வசந்த விழாவுக்காக. அதற்குக் கிழக்கே மேல்நிலை எழும்பாமலே நின்றுபோன ராய கோபுரம். அடித்தளத்தைப் பார்த்தாலே போதும், முடிந்திருந்தால் எவ்வளவு பெரிதாக வந்திருக்கும் என்று தெரியும். ஒருவர் கட்டி முடித்தது, அவரே முடிக்காமல் விட்டது, அடுத்ததாக அவர் கட்டி மற்றவர்கள் பிரித்தது என்று மூன்றையும் ஒரே காலையில் வரிசையாகப் பார்க்கலாம். இந்த வரிசையைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருஷம் நடக்க வேண்டியிருந்தது.

அங்கிருந்து கீழமாசி வீதி வழியாக விளக்குத்தூண். மதுரைக்காரர்களுக்கு அது துணி எடுக்கப் போகிற இடம், பஸ் ஸ்டாப். 1840களில் மதுரைக் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்கு என்று சொன்னால் உள்ளூர்க்காரர்களே ஆச்சரியப்படுவார்கள். நகரத்தைச் சுற்றியிருந்த கோட்டைச் சுவரை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் ஏற்பாடு செய்தவர் அவர். இடிக்கிற வேலையை ஊர் மக்களிடமே விட்டார். சுவரை இடித்து அகழியை மூடுகிறவர்களுக்கு அந்த நிலத்தில் இடம். அந்தப் பணியை அளந்து மேற்பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. வெளிவீதிகள் நான்கும் அப்படி வந்தவைதான். என்னோடு வந்த ஓர் அம்மா இதைக் கேட்டதும் நின்றுவிட்டார். "நாங்க இருக்கிறது மேலவெளிவீதிங்க. அப்போ எங்க வீட்டுக்குக் கீழே அகழியா?" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த யோசனைக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்று தயங்காமல் சொல்வேன்.

விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் பத்துத்தூண் சந்து. கடைகள் திறப்பதற்கு முன்னால் அங்கே போய்விட வேண்டும். திறந்துவிட்டால் சேலைகளும் நைட்டிகளும் தொங்கி, தூண் கண்ணில் படாது. குறுகலான சந்து. மின்கம்பிகள் தலைக்கு மேல் பின்னிக் கிடக்கும். முதலில் நான் எதுவும் சொல்லமாட்டேன். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள் என்பேன், அவ்வளவுதான். கடைச் சுவர்களுக்கு நடுவே உயரமாக எழுந்து, மேலே எதையும் தாங்காமல் நிற்கும் பத்துத் தூண்கள். கூரை இல்லை, வளைவு இல்லை. ஒரு தூணின் அடியில் முந்தின நாள் பிரித்த அட்டைப்பெட்டிகளைக் கட்டிச் சாய்த்திருப்பார்கள். அதன்மேல் ஒரு பூனை தூங்கும். "இதுதான் மீதி," என்பேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

அதன்பிறகு மஹாலுக்குள் நுழைகிறவர்கள் வேறு மாதிரி நுழைகிறார்கள். இங்கிருந்து அந்தச் சந்து வரை, அதையும் தாண்டி, அரண்மனை ஒரு காலத்தில் பரந்து கிடந்தது என்பது அவர்கள் கால்களுக்கே தெரிந்திருக்கும். நடந்து வந்தவர்களுக்கு அளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யார் இடித்தது என்ற கேள்வி முற்றத்துக்கு வந்ததும் வரும். பெரும்பாலானவர்கள் ஏதோ போர், ஏதோ படையெடுப்பு என்று எதிர்பார்ப்பார்கள். முதலில் பிரித்தவர் கட்டியவரின் பேரன். திருச்சியில் இருந்த தலைநகரைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்தார். பேரன் சொக்கநாத நாயக்கர் திரும்பவும் திருச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே தனக்கு அரண்மனை கட்ட இங்கிருந்து மர வேலைப்பாடுகளையும் மற்றவற்றையும் பெயர்த்து எடுத்துச் சென்றார். தாத்தா கட்டிய வீட்டை ஒரு பேரன் ஏன் பிரித்தான் என்று கூட்டத்தில் யாராவது வருத்தப்படுவார்கள். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் நம் ஊர்களில் பழைய வீட்டைப் பிரிக்கும்போது நிலையையும் கதவையும் உத்திரத்தையும் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள், புது வீட்டில் பொருத்துவார்கள். ராஜாவும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று பார்க்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

என் பையில் இரண்டு படங்கள் எப்போதும் இருக்கும். ஒன்று, 1792இல் மதுரைக்கு வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வரைந்த அரண்மனை ஓவியத்தின் நகல். இன்னொன்று 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த புகைப்படம். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன், ஓரங்கள் மடங்கிவிட்டன. சொர்க்க விலாசத்தின் வளைவுகளுக்கு நேரே நின்று அவற்றை ஒவ்வொருவர் கையாகக் கொடுப்பேன். அதே வளைவுகள், ஆனால் இடிபாடாக. பிறகு 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு இதைச் சீரமைத்தார். சென்னையில் நேப்பியர் பாலத்தைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். மதுரையில் இந்தக் கூரை இன்றும் நிற்பதில் அவருக்குப் பங்குண்டு என்பது அவ்வளவாகத் தெரியாது. சில பத்து வருஷ இடைவெளியில் ஒரே வெள்ளைக்கார ஆட்சி கோட்டையை இடித்தது, அரண்மனையைக் காத்தது. இதை நல்லவர், கெட்டவர் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. நடந்ததைச் சொல்லிவிடுவேன்.

நடந்ததைச் சொல்வது என்றதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் சில வருஷங்கள் சுரங்கப்பாதைக் கதையை நான் உண்மை மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தேன். மஹாலிலிருந்து கோயிலுக்குச் சுரங்கம் போகிறது, ராஜா அதில் போய்த்தான் சாமி கும்பிடுவார் என்று. கூட்டம் வாய் பிளந்து கேட்கும். ஒருநாள் ஒரு வரலாற்று மாணவர் எல்லோரும் கலைந்தபிறகு தனியாக வந்து, "சார், அந்தச் சுரங்கம் எந்தக் கல்வெட்டில் வருது? எதிலாவது எழுதியிருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டார். எங்கேயோ கேட்டதுதான் தம்பி என்றேன். அவர் சிரிக்கக்கூட இல்லை, நோட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டார். நான் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அந்த நோட்டில் எழுதியிருந்தார். அவற்றின்மேலும் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்குப் பிறகு கதைகளை விடவில்லை, தனியாக வைத்துக்கொண்டேன். அரண்மனைக்குச் செங்கல் அறுக்க மண் தோண்டிய பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆனது, அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்று ஊரே சொல்லும். அதை "ஊர் சொல்வது" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். கட்டிடத்தை வடிவமைத்தவர் ஓர் இத்தாலியர் என்று சொல்கிறார்களே என்பார்கள். சொல்கிறார்கள், உறுதியான சான்று நான் பார்த்ததில்லை என்பேன். சுவாரசியம் குறையும் என்று பயந்தேன். குறையவில்லை. எது கதை, எது சான்று என்று பிரித்துக் கேட்க மக்களுக்குப் பிடிக்கவே செய்கிறது.

சான்று என்றால் இந்தத் தூண்களே இருக்கின்றன. மூன்று பேர் கைகோத்தால்தான் ஒன்றைச் சுற்றிப் பிடிக்க முடியும். மேலே பூசியிருப்பது சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து, முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்தது. காயக் காயக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பளபளப்பு அது. சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு குணம் உண்டு. சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, பழைய பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். பழைய கட்டிடங்களைக் கொன்றதில் நல்ல எண்ணத்தோடு பூசிய சிமெண்டுக்கும் இடமுண்டு என்று இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அந்தப் பூச்சில்தான் பெயர்களும் இருக்கின்றன. ஆள் உயரம் வரை, அடுக்கடுக்காக, சாவியாலும் ஆணியாலும் கீறியவை. பெயர், பெருக்கல் குறி, இன்னொரு பெயர். முன்பு அந்தப் பக்கம் குழுவைக் கூட்டிப்போகவே கூச்சப்படுவேன். இப்போது வேண்டுமென்றே அங்கே நிறுத்துகிறேன். ஒருமுறை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் சாவியை எடுத்தான். நான் சத்தம் போடவில்லை. "தம்பி, இங்கே வாங்க," என்று கூப்பிட்டு, 1858 படத்தை அவன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தான். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, கடைசி வரை எங்களோடேயே நடந்தான்.

எனக்கு மிகவும் பிடித்த காலை ஒன்றைச் சொல்ல வேண்டும். மகள் குடும்பத்தோடு ஒரு பெரியவர் வந்திருந்தார். மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். பத்துத்தூணிலும் விளக்குத்தூணிலும் அவர் எதுவும் கேட்கவில்லை, மெதுவாக, கடைசியாக நடந்து வந்தார். மஹாலுக்குள் நுழைந்து, வெள்ளைக்காரர் காலத்திலும் அதன் பிறகும் இங்கே ஜில்லா கோர்ட் நடந்தது என்று நான் சொல்லும்போது முன்னால் வந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "எங்கப்பாரு நெலத்துக் கேசு இங்கதான் நடந்துச்சு. நான் சின்னப்பய. வாய்தா அன்னைக்கு என்னையும் கூட்டியாருவாரு."

நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன். அவர்தான் சொன்னார். விடியக் கிளம்பி மாட்டுவண்டி, அப்புறம் பஸ். கறுப்புக் கோட்டுகள் கூட்டம் கூட்டமாகப் போகும். பெயர் கூப்பிடும் வரை ஒரு தூணடியில் துண்டை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிடுவார்கள். அப்பா முதுகைத் தூணில் சாய்த்துக்கொள்வார், வெயிலில் வந்த முதுகுக்கு ஜில்லென்று இருக்கும் என்பார். கேஸ் என்ன ஆச்சுங்கய்யா என்று யாரோ கேட்டார்கள். "தோத்துட்டோம்," என்றார், சாதாரணமாக.

கட்டிய ராஜா, பிரித்த பேரன், சரிசெய்த ஆளுநர் என்று நான் வரிசையாகச் சொல்லிவந்ததில் அதுவரை அவருடைய அப்பாவுக்கு இடமே இருந்ததில்லை. இங்கே ராஜாக்கள் இருந்தது கொஞ்ச காலம். துண்டு விரித்துக் காத்திருந்த குடியானவர்கள் எத்தனை தலைமுறை!

எந்தத் தூண் என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வரிசையைப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல இருந்தன. ஒன்றின் அருகில் போய் நின்றார், இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். முற்றத்தைத் திரும்பிப் பார்த்து, வெயில் விழும் பக்கத்தை வைத்து ஏதோ கணக்குப் போட்டார். நாலாவது தூணுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இதுன்னு வச்சுக்குவோம்," என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி விரித்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

பேத்தி போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நான் மற்றவர்களைப் பார்த்தேன். யாருக்கும் அவசரம் இல்லை. நாடகசாலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, நானும் கொஞ்சம் தள்ளி ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். தரையும் தூணும் ஜில்லென்றுதான் இருந்தன.