சந்தனம் வெடித்த இடம்

என் நெற்றியில் வைத்த சந்தனம் காய்ந்ததும் நடுவில் இரண்டாக வெடித்துவிடும். பொட்டுக்கு இருபுறமும் நெட்டுக்குத்தாக இரண்டு கோடுகள். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் எடுத்த படத்தை அக்கா குடும்பப் புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டபோதுதான் அதை நானே பார்த்தேன். படத்தில் வாய் சிரித்துக்கொண்டிருந்தது; நெற்றி யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு வயது 47. மலேசியாவில், பிறை என்ற ஊர்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. "டீச்சர், கோபமா?" என்று ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்பது பழகிப்போனது. புதிதாக மாற்றலாகி வந்த தலைமையாசிரியர், கூட்டம் முடிந்ததும் தனியே அழைத்து, "நான் சொன்னதில் உங்களுக்கு ஏதும் மனத்தாங்கலா?" என்று கேட்டார். நான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தது மதியச் சாப்பாட்டைப் பற்றி.

தோலின் பள்ளத்தை உள்ளிருந்து நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் விசாரிக்கத் தொடங்கினேன். பள்ளம் இருந்தால் நிரப்ப வேண்டியதுதானே? தவிர, சுருக்கத்துக்குப் போடும் இன்னொரு ஊசியான போடாக்ஸ் மூன்று நான்கு மாதம்தான் தாங்கும். ஃபில்லர் ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருடம்வரைகூட நிற்கும். வாத்தியார் கணக்கு அப்படித்தான் போனது.

புருவம் திருத்தப் போகும் அழகு நிலையத்தில் பேச்சை எடுத்தேன். அந்த அம்மா மேசை இழுப்பறையைத் திறந்து, சீப்புகளுக்கும் நகச்சாயத்துக்கும் நடுவிலிருந்து ஓர் ஊசிக்குழலை எடுத்தார். "கொரியா சாமான் அக்கா. 500 வெள்ளி. இருபது நிமிடத்தில் எழுந்து போய்விடலாம்." பெட்டியில் கொரிய எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். பணம் எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிரவு அக்கா மகளிடம் சொன்னேன். அவள் மருந்தாளர். "சித்தி, முகத்தில் ஊசி போட டாக்டருக்கு மட்டும்தான் அனுமதி. அதிலும் எல்லா டாக்டருக்கும் இல்லை" என்று ஆரம்பித்தவள் அரை மணி நேரம் விடவில்லை. அழகியல் மருத்துவம் செய்கிற டாக்டர், எல்.சி.பி. என்ற சான்றைச் சுகாதார அமைச்சிடமிருந்து பெற்றிருக்க வேண்டும். கிளினிக் 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரச் சட்டப்படி பதிவானதாக இருக்க வேண்டும். போடாக்ஸ் மருந்து என்பதால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். ஃபில்லர் மருத்துவச் சாதனம் என்ற கணக்கில் வருவதால் அதற்கு வேறு பதிவு. "சான்றைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்." முகம் சுளிப்பதைப் பற்றி எனக்கே பாடம்!

பினாங்குத் தீவில், புலாவ் தீக்கூசில் ஒரு கிளினிக். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் போனேன். டாக்டர் சீனப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். சான்று கேட்டதும் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. பிறகு என் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "புருவத்தை நெரியுங்கள்" என்றார். நெரித்தேன். "விடுங்கள்." விட்டேன். "இன்னொரு முறை." ஐந்தாறு தடவை ஆன பிறகுதான் எனக்கே புரிந்தது. நெரிக்கும்போது கோடு ஆழமாக விழுகிறது. விட்டால் மெல்லிய கீறலாகிவிடுகிறது. பருத்திச் சேலையை வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் ஒரு தடம் விழுமே, அதுதான் இது. மடிப்பதை நிறுத்தாமல் தடத்தை மட்டும் நிரப்பி என்ன ஆகப்போகிறது?

மடிப்பதை நிறுத்துவது போடாக்ஸின் வேலை. சுருங்கு என்று நரம்பு தசைக்குச் சொல்வது அசிட்டில்கோலின் என்ற பொருள் வழியாக. அது வெளிவராமல் இந்த மருந்து அடைத்துவிடுகிறது. சில மாதங்களில் நரம்பு பழையபடி வேலைக்குத் திரும்பிவிடும். இதைச் சுருக்கத்துக்கென்று யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லையாம். கனடாவில் கண்ணிமைத் துடிப்புக்கு இந்த ஊசியைப் போட்டுவந்த ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டர், நோயாளியின் புருவ நடுக் கோடுகள் மறைவதை 1987இல் கவனித்தாராம். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2002இல்.

"அப்படியானால் ஃபில்லர்?" என்றேன். அந்த இடத்தில் தான் போடுவதில்லை என்றார் டாக்டர். புருவ நடுவில் ஓடும் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புடையவை. ஃபில்லர் தவறிக் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போகலாம். அழகு நிலையத்து இழுப்பறையும் அந்த இருபது நிமிடமும் நினைவுக்கு வந்தன.

மூக்கிலிருந்து வாயோரம் இறங்கும் கோடுகள் வேறு கதை. தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். கோடு பாதி மறைந்தது. அது தசை செய்வது அல்ல, கன்னத்துக் கொழுப்பு வயதாக ஆகக் குறைந்து இறங்கியதால் வந்தது. அங்கே போடாக்ஸ் போட்டால் சிரிப்பு கோணிவிடும்; ஃபில்லர்தான் பொருந்தும். ஆக, இரண்டில் எது நல்லது என்று நான் போட்ட கணக்குக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்றும் கேட்டேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், விரதம் தொடங்கப்போகிறது. "இதெல்லாம் சைவமா?" டாக்டர் சிரிக்கவில்லை. பெரும்பாலான ஃபில்லரில் இருப்பது ஹயலுரோனிக் அமிலம். இப்போது பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள், ஒரு காலத்தில் சேவல் கொண்டையிலிருந்தும் எடுத்தார்கள் என்றார். சேவற்கொடியோனுக்கு விரதம் இருந்துகொண்டு சேவல் கொண்டையை முகத்தில் ஏற்றுவதா! போடாக்ஸ் குப்பியில் மனித இரத்தத்திலிருந்து எடுத்த அல்புமின் என்ற புரதம் கொஞ்சம் கலந்திருக்குமாம். அது சைவமா அசைவமா என்று எந்தக் குருக்களிடம் போய்க் கேட்பது? விரதம் தொடங்குமுன் போட்டுக்கொண்டுவிட்டேன்.

போட்டுக்கொண்டதில் சொல்ல அதிகம் இல்லை. தாதி குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து வந்து ஹோலோகிராமைக் காட்டினார். வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள், மொத்தம் 20 அலகு, ஐந்து எறும்புக் கடி. ஆயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக வந்தது. நான்கு மணி நேரம் படுக்கக் கூடாது, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது என்றார்கள். மருந்து நகர்ந்தால் இமை தொங்கிவிடலாமாம்.

அழுத்தக் கூடாதென்றால் பொட்டு? ஃபெர்ரி ஏறும்போதுதான் உறைத்தது, பொட்டு வைக்கும் இடமும் ஊசி போட்ட இடமும் ஒன்றே என்று. வெறும் நெற்றியோடு வீட்டுக்குள் நுழைந்தேன். மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா, என் மகன் நல்லாத்தானே இருக்கான்?" தலைவலி, தைலம் போட்டிருக்கிறேன் என்று சமாளித்தேன்.

நான்காம் நாள் நெற்றி கனத்தது. இரண்டு வாரத்தில் நெரிக்க முயன்றாலும் புருவம் அசையவில்லை. இடப்புருவம் மட்டும் நாடகத்து வில்லன் போல மேலே ஏறி நின்றது. மறுபரிசோதனையில் இன்னும் ஒரு சொட்டு போட்டார்கள். சில நாளில் அது இறங்கியது.

யாரும் எனக்குச் சொல்லாத சங்கடம் வகுப்பறையில் காத்திருந்தது. நான்காம் ஆண்டு வகுப்பு கத்திக்கொண்டிருந்தது. வழக்கம்போல் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தேன். அத்தனை வருடமாக அந்த ஒரு பார்வையில் அடங்கும் வகுப்பு, அன்று அடங்கவில்லை. என் முகத்தில் கோபம் வரவே இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. அடிக்கோலால் மேசையைத் தட்ட வேண்டியதாயிற்று. இப்போது குரலை வைத்துச் சமாளிக்கிறேன். மாலையில் தொண்டை கட்டிக்கொள்கிறது.

தைப்பூசம் முடிந்து ஃபில்லர் பேச மறுபடி போனேன். தப்பாகப் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து ஹயலுரோனிடேஸ் குப்பிகளைக் காட்டினார். ஹயலுரோனிக் ஃபில்லரை அது கரைத்துவிடும். தோல் வெளுத்தாலோ, திட்டுத் திட்டாக நிறம் மாறினாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ, பார்வை மங்கினாலோ ஒரு நிமிடமும் தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் ஓர் ஊசிக்குழல் என்பது 1 மில்லி. ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு இரண்டு தேவைப்படுமாம். மூவாயிரம் வெள்ளியைத் தாண்டியது. வாயோரக் கோட்டைப் பார்த்து இதுவரை எந்தப் பிள்ளையும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

தைப்பூசத்தன்று வைத்த சந்தனம் மாலைவரை முழுசாக இருந்தது. ஊசி போட்டு நான்காம் மாதம் நடக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்து கண்ணாடியைப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு முடி அளவு வெடிப்பு. திங்கட்கிழமை நான்காம் ஆண்டு வகுப்பு பாதி அடங்கியது.