பிளாங்கெட் எல்-1 நேர்காணலுக்குப் போகும் சேலத்துக்காரர்களுக்கு

வெளிநாட்டவரை அமெரிக்காவில் வேலைக்கு எடுக்கும் ஹெச்-1பி விசாவின் புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஆணை வந்தது. அப்போதிருந்து பெங்களூரு, ஓசூர், சென்னைக் கிளைகளில் வேலை பார்க்கும் நம்ம ஊர்க்காரர்கள் பலரிடம் "உன்னை எல்-1-ல் அனுப்பலாமா" என்ற பேச்சு தொடங்கியிருக்கிறது. எல்-1 என்பது, கம்பெனி தன் வெளிநாட்டுக் கிளை ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றிக்கொள்ளும் விசா. அந்தக் கட்டணம் எல்-1க்குக் கிடையாது. குலுக்கலும் இல்லை, ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் இல்லை. மனு போடுவது கம்பெனி, பணம் கட்டுவதும் கம்பெனி. அதனால் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கண்ணாடிக் கவுன்டருக்கு முன்னால் நின்று பதில் சொல்லப் போவது என்னவோ நீங்கள்தான்.

எல்-1க்கு இரண்டு வழி. ஒன்றில் கம்பெனி உங்கள் பெயரில் ஐ-129 மனுவை அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் போடும். அங்கே ஒரு அதிகாரி உட்கார்ந்து படித்து ஒப்புதல் தந்த பிறகுதான் நீங்கள் தூதரகம் போவீர்கள். மற்றது பிளாங்கெட். அமெரிக்காவிலும் வெளியிலும் சேர்த்து மூன்று கிளைகளாவது இருந்து, அமெரிக்க அலுவலகம் ஓராண்டாவது இயங்கியிருந்தால் கம்பெனி மொத்தமாக ஒரு அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளலாம். கூடவே கடந்த 12 மாதத்தில் 10 எல்-1 ஒப்புதல்கள், அமெரிக்கக் கிளைகளுக்கு 2.5 கோடி டாலர் ஆண்டு விற்பனை, அமெரிக்காவில் 1000 ஊழியர்கள் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊழியரின் தகுதியையும் ஐ-129எஸ் படிவத்தை வைத்துத் தூதரக அதிகாரியே முடிவு செய்வார்.

பிளாங்கெட்டில் பலர் சறுக்குவதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். தகுதி ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே பிளாங்கெட்டில் விசா கொடுக்க வேண்டும் என்பது அதிகாரிகளுக்கான விதி. சந்தேகம் வந்தால் உட்கார்ந்து துருவிக்கொண்டிருக்க மாட்டார்கள், மறுத்துவிடுவார்கள். உங்கள் கையில் இருப்பது சில நிமிடங்கள்.

முதலில் அந்த ஒரு வருடக் கணக்கைச் சரிபாருங்கள். கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக ஓராண்டு, முழுநேரமாக, அமெரிக்காவுக்கு வெளியே, அதே குழுமத்தின் கிளையில் வேலை பார்த்திருக்க வேண்டும். பி-1 என்ற வணிகப் பயண விசாவில் அமெரிக்கா போய் இருந்த நாட்கள் தொடர்ச்சியை அறுக்காது, ஆனால் கணக்கிலும் சேராது. 2024 ஜூன் 1-ல் சேர்ந்து நடுவில் 40 நாள் அங்கே போய் வந்தவருக்கு 2025 ஜூலை இரண்டாவது வாரத்தில்தான் ஓராண்டு நிறையும். இதைவிடப் பெரிய சிக்கல் பேரோல். முதல் எட்டு, பத்து மாதம் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியின் பேரோலில் இருந்து, பிறகு கம்பெனி ரோலுக்கு மாறியவர்கள் நம்மில் நிறைய. உட்கார்ந்த நாற்காலி அதேதான் என்றாலும் ஏஜென்சி காலத்தை எண்ணாதீர்கள். பிஎஃப் பாஸ்புக்கில் எந்த நிறுவனத்தின் பெயர் எந்த மாதத்திலிருந்து வருகிறது என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து எல்-1ஏ, எல்-1பி. மேலாளருக்கு ஏ, சிறப்பு அறிவு உள்ளவருக்கு பி. 'டீம் லீட்' என்ற பட்டம் மட்டும் யாரையும் ஏ ஆக்காது. உங்களுக்குக் கீழே எத்தனை பேர், அவர்கள் பட்டதாரித் தொழில்முறை ஊழியர்களா, அவர்களை வேலைக்கு எடுக்க, நீக்க, அப்ரைசல் போட உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று கேட்பார்கள். பாதி நாள் நீங்களே புரோகிராம் எழுதுவதாக டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் போட்டுவிட்டு அங்கே போய் மேலாளர் என்றால் எடுபடாது.

பி-யில்தான் பேச்சு நீளும். "உங்கள் சிறப்பு அறிவு என்ன?" என்றால் "ஜாவா, மைக்ரோசர்வீஸ், ஏடபிள்யூஎஸ்" என்பது மிகச் சாதாரணமாக வரும் பதில். அது ஊரெல்லாம் தெரிந்த திறமை. கேட்பது வேறு: உங்கள் கம்பெனியின் பொருள், கருவி, செயல்முறை பற்றி வெளியே கிடைக்காத எது உங்களுக்குத் தெரியும், அல்லது கம்பெனிக்குள்ளேயே மற்றவர்களைவிட எதில் ஆழம் அதிகம் என்பது. 2015-ல் வந்த வழிகாட்டுதல்படி அது கம்பெனிக்கு மட்டுமே சொந்தமான ரகசியமாக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனால் ஒப்பீடு வேண்டும். "இந்த பில்லிங் எஞ்சினின் வரி விதிப் பகுதியை எழுதிய நான்கு பேரில் நான் ஒருவன்; புதிதாக ஒருவரைப் பழக்க பதினான்கு மாதம் ஆகும்; அமெரிக்கக் கிளையில் இதைத் தெரிந்தவர் யாரும் இல்லை" என்ற மாதிரி எண்ணோடு வரும் பதில் நிற்கும். அந்த எண்கள் கம்பெனிக் கடிதத்தில் இருப்பவையாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். கடிதத்தில் ஆறு மாதம் என்றிருக்க நீங்கள் பதினான்கு என்றால் கதை முடிந்தது. அதனால் ஐ-129எஸ், ஆதரவுக் கடிதம் இரண்டின் நகலையும் நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பாவது கேட்டு வாங்கி வரிக்கு வரி படியுங்கள். முந்தின நாள் ராத்திரிதான் தருவோம் என்று சொல்லும் வக்கீல் அலுவலகங்கள் உண்டு. விடாதீர்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்கு அடித்திருப்பதும் நடக்கிறது. அன்று காலை உங்களுக்கு முன்னால் நின்றவரும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்.

வாடிக்கையாளர் இடத்தில் உட்கார வேண்டிய வேலை என்றால் கூடுதல் கவனம். 2004-ல் வந்த எல்-1 சீர்திருத்தச் சட்டப்படி, எல்-1பி ஊழியர் வேறொரு நிறுவனத்தின் இடத்தில், அந்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டில், வெறும் ஆள் சப்ளையாக வேலை செய்யக் கூடாது. யார் தினமும் வேலை சொல்கிறார், அங்கே கொண்டு போவது உங்கள் கம்பெனியின் சொந்தப் பொருளா என்ற கேள்விகளுக்குக் கடிதத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நம்ம ஊருக்கே உரிய பிரச்சினை: இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், டிஎஸ்-160-ல் உங்கள் பெயர் சர்நேமுக்குப் போய், கிவன் நேமில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழும். விசாவிலும் அப்படியே அச்சாகும். அங்கே போனதும் லைசென்ஸ், வங்கிக் கணக்கு என்று பல இடங்களில் 'எஃப்என்யு' உங்கள் முதல் பெயராகத் தொடரலாம். விசாவுக்கு முன்பே அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. போலீஸ் சரிபார்ப்பு நீங்கள் கொடுக்கும் முகவரிக்குத்தான் வரும். பெங்களூருவில் குடியிருந்துகொண்டு அஸ்தம்பட்டி வீட்டு முகவரியைக் கொடுத்தால், காவலர் வரும் நாளில் அம்மா மட்டும் இருப்பார், தாமதம் நிச்சயம்.

கணவன் அல்லது மனைவிக்கு எல்-2 என்ற குடும்ப விசா வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத் திருமணச் சான்றிதழை எடுத்துவையுங்கள். கோயில் ரசீதும் ஆல்பமும் துணைக்குத்தான். 2009-ம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி திருமணம் ஆன 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சேலத்தில் பிறந்ததோ ஏற்காட்டில் பிறந்ததோ, பெயர்க் கட்டம் காலியாகவே வாங்கிப் பீரோவில் வைத்த சான்றிதழ்கள் ஏராளம்.

சென்னையில் கைரேகை, புகைப்படம் ஒரு நாள். அண்ணா மேம்பாலம் பக்கத்துத் தூதரகத்தில் நேர்காணல் வேறொரு நாள். காலை நேரம் கிடைத்தால் முந்தின இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் சரியாக இருக்கும். வந்தே பாரத் சென்ட்ரல் போய்ச் சேர மதியம் நெருங்கிவிடும். போனும் பையும் உள்ளே போகாது. பிளாங்கெட்டில் விசாக் கட்டணம் 205 டாலரோடு, மோசடித் தடுப்புக் கட்டணம் 500 டாலரும் சேரும். அந்த 500-ஐ உங்களைக் கட்டச் சொன்னால் ஹெச்ஆரிடம் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

ஒப்புதல் கிடைத்தால் கையெழுத்தும் முத்திரையும் பெற்ற ஐ-129எஸ் திரும்ப வரும். அதைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். மறுத்துவிட்டால் கதவு அடைந்துவிடாது: மறுப்பைக் குறிப்பிட்டு, அதே ஆளுக்குத் தனி ஐ-129 மனுவாகக் கம்பெனி போடலாம்.

இறங்கியதும் ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். விசா ஐந்து ஆண்டுக்கு ஒட்டப்பட்டிருக்கலாம், ஐ-129எஸ் மூன்று ஆண்டுக்குத்தான் இருக்கும். தங்கும் காலத்தைச் சொல்வது ஐ-94. பாஸ்போர்ட் 14 மாதத்தில் முடிகிறதென்றால் ஐ-94-ம் பெரும்பாலும் அந்தத் தேதியோடு நின்றுவிடும். எல்-2 துணையின் ஐ-94-ல் 'எல்-2எஸ்' என்றிருந்தால் தனி வேலை அனுமதி அட்டை இல்லாமலே வேலைக்குப் போகலாம்.

எல்-1ஏ மொத்தம் ஏழு ஆண்டு, எல்-1பி ஐந்து. முன்பு ஹெச்-1பியில் இருந்த காலமும் இதில் கழியும். இந்தியா வந்து போன நாட்களைத் திரும்பக் கேட்டுப் பெறலாம் என்பதால் பழைய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸ்களையும் தூக்கி எறியாதீர்கள். ஹெச்-1பியில் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவின் ஒப்புதலைக் காட்டி ஆறு ஆண்டுக்கு மேலும் நீட்டிக்கலாம். எல்-1பியில் அந்தச் சலுகை இல்லை. பி-யில் போனவர் மேலாளராகி ஏழு ஆண்டு பெற வேண்டுமானால் பதவி மாறும்போதே திருத்த மனு போட்டிருக்க வேண்டும், ஐந்து ஆண்டு முடியும் முன் அந்தப் பதவியில் ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். நான்கரை ஆண்டைத் தாண்டிய பிறகு இதைக் கேட்டுப் பயனில்லை. மூன்றாம் ஆண்டு நீட்டிப்பு மனு தயாராகும்போதே மேனேஜரிடம் பேச்செடுங்கள்.