போஸ்ட விடுங்க, ஹெட்லைன் என்ன வச்சிருக்கீங்க?

ஓஎம்ஆர்ல ஒரு ஸ்டாஃபிங் கம்பெனில ஐடி ஆளுங்கள தேடிக் குடுக்குறதுதான் என் வேலை, அதனால சொந்தத்துல கல்யாணம்னு போனாக்கூட பந்தி முடிஞ்ச கையோட யாராவது ஒரு சித்தப்பா பையனக் கூட்டிட்டு வந்து நிறுத்தி "இவனும் லிங்க்டின்ல தெனம் ஏதோ போட்டுட்டேதான்மா இருக்கான், ஒரு கால்கூட வரமாட்டேங்குது"ம்பாரு. நான் அவன் போட்ட போஸ்ட்டெல்லாம் பாக்குறதில்ல, முதல்ல பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கும்ல, அந்த ஹெட்லைனத்தான் பாப்பேன். அங்க "பேஷனேட் லேர்னர், டெக் என்தூசியாஸ்ட், ட்ரீமர்"னு இருக்கும்.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னா, காலைல க்ளையன்ட்கிட்டேர்ந்து இப்படி ஆள் வேணும்னு ஒரு ரெக்வயர்மென்ட் வரும், ஜாவா, ஸ்ப்ரிங் பூட், ஏடபிள்யூஎஸ், நாலுலேர்ந்து ஆறு வருஷம், சென்னை, ஒரு மாசத்துல ஜாயின் பண்ணணும்னு. அந்த வார்த்தைங்களத்தான் அப்படியே சர்ச்ல போடுவோம். நௌக்ரிங்குற வேலை தேடுற சைட்ல நோட்டீஸ் பீரியட, அதாவது ராஜினாமா குடுத்தப்புறம் இருந்து முடிக்க வேண்டிய நாள வச்சே வடிகட்டிடலாம், தொண்ணூறு நாள் இருக்குறவங்க அங்கயே கழண்டுக்குவாங்க (பாவம்தான், ஆனா க்ளையன்ட் காத்திருக்க மாட்டாங்க). "ட்ரீமர்"னு டைப் பண்ணி யாரும் ஆள் தேடினதில்ல. லிங்க்டின் ஹெட்லைன்ல 220 கேரக்டர் எடம் இருக்கு, அதுல "ஆட்டோமேஷன் டெஸ்டிங், செலீனியம், பேங்கிங் டொமைன், 5 வருஷம், சென்னை"னு இங்கிலீஷ்ல எழுதிட்டா போதும், சர்ச்ல மேல வர வாய்ப்பாவது இருக்கு. கீழ எக்ஸ்பீரியன்ஸ்ல "டீம் பிளேயர்", "குட் கம்யூனிகேஷன்" எல்லாம் வேணாம், ராத்திரி ஓடுற ரிப்போர்ட் எட்டு மணி நேரம் எடுத்துச்சு, க்வெரிய மாத்தி ரெண்டு மணி நேரமாக்கினேன்னு ஒரு வரி இருந்தா நான் ஃபோன் பண்ணுவேன், ஏன்னா பேச ஒரு விஷயம் இருக்கு.

தெனம் போஸ்ட் போட்டு பேர வளக்கணும்ங்குற இந்த பர்சனல் பிராண்டிங் பேச்சு லிங்க்டினுக்கும் முன்னாடியே வந்தது. 1997ல டாம் பீட்டர்ஸ்ங்குற அமெரிக்க மேனேஜ்மென்ட் ஆளு ஃபாஸ்ட் கம்பெனி பத்திரிகைல ஒவ்வொருத்தரும் தன்னையே ஒரு பிராண்டா நெனைக்கணும்னு எழுதினாரு, லிங்க்டின் தொறந்ததே 2003 மே மாசம்தான். சொந்தமா கன்சல்டிங் பண்றவங்க, ட்ரெயினருங்க, ஃப்ரீலான்ஸ் டிசைனருங்க, இவங்களுக்கு அது சரி, அவங்க போஸ்ட படிக்கிறவங்கதான் நாளைக்கு க்ளையன்ட். மாசச் சம்பளத்துல இருக்குற டெஸ்டருக்கு எதுக்கு திங்கக்கெழமை மோட்டிவேஷன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல. அத விட மோசம் இந்த சிஎஃப்பிஆர், அதாவது "கமென்டிங் ஃபார் பெட்டர் ரீச்". யாரோ வேலை போயிடுச்சுன்னு எழுதியிருப்பாங்க, கீழ நூறு பேர் சிஎஃப்பிஆர்னு போட்டுட்டுப் போவாங்க, ரீச் கூடுமாம். அந்த நூறுல ஒருத்தர் தன் ஹெச்ஆருக்கு ரெஸ்யூமே ஃபார்வர்ட் பண்ணியிருந்தா அது உதவி.

உண்மையா வேலை வாங்கிக் குடுக்குறது யாருன்னு பாத்தா, நெருங்குன ஃப்ரெண்டும் இல்ல, முன்னபின்ன தெரியாத ஃபாலோயரும் இல்ல, அரைகுறையா தெரிஞ்சவங்க. 1973லயே மார்க் கிரானவெட்டர்ங்குற சமூகவியல் ஆய்வாளர் இத எழுதிட்டாரு, பாஸ்டன் பக்கத்துல ஒரு ஊர்ல தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்களக் கேட்டா, அந்த தெரிஞ்சவர அடிக்கடி பாத்தவங்க ஆறுல ஒரு பங்குதான், மத்தவங்க எப்பவாவதுதான் பாத்திருக்காங்க. 2022ல லிங்க்டின்லயே ரெண்டு கோடி பேருக்கு மேல வச்சுப் பண்ணின ஆய்வு சயின்ஸ் இதழ்ல வந்துச்சு, அதுலயும் கிட்டத்தட்ட இதேதான், ரொம்ப தூரத்து ஆளும் இல்ல, ரொம்ப நெருக்கமும் இல்ல, நடுவுல இருக்குறவங்க. காரணம் சிம்பிள், நம்ம ஃப்ரெண்டுக்குத் தெரிஞ்ச ஓபனிங் நமக்கும் ஏற்கனவே தெரிஞ்சிருக்கும். டிஜிட்டல் அதிகம் இல்லாத தொழில்ல நெருக்கமான உறவுதான் கைகொடுக்குதுன்னும் அதே ஆய்வு சொல்லுது, கோயம்புத்தூர்ல பவுண்டரி வச்சிருக்குற எங்க மாமாகிட்ட கேட்டா இதுக்கு எதுக்கு ஆய்வும்பாரு.

நான் பாத்த ஒன்னு. கொழந்தைக்காக வேலைய விட்டுட்டு திரும்பி வரணும்னு தேடிட்டிருந்த ஒரு பொண்ணு, நெருங்குன தோழிங்க எல்லாருமே பழைய கம்பெனிலதான், அங்க ஹையரிங் ஃப்ரீஸ். கடைசில அவங்களுக்கு ரெஃபரல், அதாவது தன் இப்பத்திய கம்பெனில சிபாரிசு போட்டது பழைய ஆபீஸ்ல பக்கத்து வரிசைல உக்காந்திருந்த ஒருத்தர், கேன்டீன்ல பாத்தா தலையாட்டுறதோட சரி. அவங்க ஜாப் ஐடியோட மெசேஜ் போட்டாங்க, எந்த ப்ராஜெக்ட்ல ரெண்டு பேரும் இருந்தோம்னு ஒரு வரி, இப்ப என்ன தெரியும்னு ஒரு வரி. அவரு அன்னிக்கே போர்ட்டல்ல ஏத்திட்டாரு. ரெஃபரல் போனஸும் இருக்குல்ல, அதனால கேக்குறதுக்கு ரொம்பக் கூச்சப்படவும் வேணாம்.

எனக்கு வர்ற மெசேஜுங்க வேற ரகம். "ஹாய்"னு ஒன்னு, மறுநாள் இன்னொரு "ஹாய்", அப்புறம் "எனி வேகன்சி?". ஃபோட்டோவப் பாத்தும் "டியர் சார்"னு ஆரம்பிக்கிறவங்க தனி. என்ன வேலை, எத்தன வருஷம், எந்த ஊருன்னு இல்லாம நான் எதத் தேடுறது?

அப்புறம் லிங்க்டின் ஃபோட்டோவச் சுத்தி வேலை தேடுறேன்னு காட்டுற அந்த பச்சை வளையம். ஓபன் டு வொர்க் போட்டா மதிப்பு கொறையும்னு கேக்குறாங்க, வேலை போனவங்க தாராளமா போடலாம், எனக்கு அது உதவிதான், கூப்பிட்டா பேசுவாங்கன்னு தெரியும். வேலைல இருந்துட்டே தேடுறவங்க ரெக்ரூட்டருக்கு மட்டும் தெரியுற மாதிரி வைங்க. அப்பவும் உங்க கம்பெனி ரெக்ரூட்டர் கண்ணுல படாதுன்னு முழு உத்தரவாதம் குடுக்க முடியாதுன்னு லிங்க்டினே சொல்லுது, அதுவும் சம்பளம் குடுக்குறது ஒரு கம்பெனி, உக்காந்திருக்குறது க்ளையன்ட் ஆபீஸ்னா க்ளையன்டோட ரெக்ரூட்டர் பாக்குறதுக்கு தடையே இருக்காது, மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டா என்ன சொல்லுறதுன்னு யோசிச்சுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க.