கார் சிடி பிளேயரை திருப்பி மாட்டுறதுதான் பெரிய வேலை

சிடி பிளேயர் டிஸ்க்க படிக்க மாட்டேங்குதுன்னா கழட்டி லென்ஸ ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசா துடைச்சா நிறைய செட்டு சரியாயிடும். அத எப்படி கழட்டுறதுன்னு வீடியோ கொட்டிக்கிடக்கு, ஆனா மாட்டுறத பத்தி யாரும் பொறுமையா சொல்றதில்ல. அப்பா வாங்கின வண்டியோட வந்த செட்டு, இத தூக்கிப்போட்டுட்டு ஆண்ட்ராய்டு ஸ்க்ரீன் போட எனக்கு மனசே வரல, அதான் உக்காந்து செஞ்சேன்.

உள்ள டிஸ்க் சுத்துற மெக்கானிசத்த பாடியில நேரா ஸ்க்ரூ போட்டு முறுக்கி வச்சிருக்க மாட்டாங்க. சின்ன ஸ்ப்ரிங்குலயும், உள்ள சிலிகோன் ஆயில் இருக்குற, அதிர்வ உறிஞ்சுற ரப்பர் டேம்பர்லயும் அது மிதந்துட்டு இருக்கும், குண்டும் குழியுமான ரோட்டுலயும் பாட்டு ஜம்ப் ஆகாம ஓடுறது அதனாலதான். டேம்பருக்குள்ள மெக்கானிசத்தோட பின் (சின்ன கம்பி முனை) சொருகும்போது நேரா பாத்து மெதுவா அமுக்கணும், ரப்பர் கிழிஞ்சா ஆயில் ஒழுகிடும், அப்புறம் அந்த டேம்பர் வேஸ்ட். எல்லா ஸ்ப்ரிங்கையும் ட்வீசர்ல மாட்டினதும் மெக்கானிசத்த விரலால லேசா தள்ளிப் பாருங்க, எந்தப் பக்கமும் இடிக்காம ஆடி பழைய இடத்துக்கே வரணும். ஒரு ஸ்ப்ரிங் விட்டுப்போயிருந்தாலும் ஒரு பக்கம் சாஞ்சு, டிஸ்க் வாய்லயே சிக்கும்.

அடுத்து ரிப்பன் கேபிள், அதாவது மெக்கானிசத்துலேர்ந்து வர்ற பட்டையான வயர். லாக்க தூக்கி, முனை கோணாம கடைசி வரைக்கும் உள்ள போனப்புறம்தான் லாக்க மூடணும். பளபளன்னு இருக்குற கான்டாக்ட் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு கழட்டும்போதே போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, ப்ளீஸ்.

வயரிங் பெரும்பாலும் மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டா மட்டும் கரன்ட், கருப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் மாறிப்போச்சுன்னா பாட்டு பாடும், ஆனா சாவிய எடுத்ததுமே சேவ் பண்ணின ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சிடும். ஸ்பீக்கர் மைனஸ் வயர பாடி எர்த்தோட சேக்கவே சேக்காதீங்க, இந்த மாதிரி செட்டுல ஸ்பீக்கர ஓட்டுற ஆம்ப் ஐசியே (சிப்) போயிடலாம். ஃப்யூஸ் மாத்தினா அதே ஆம்பியர்தான் போடணும், 10 இருந்த எடத்துல 15 வேண்டாம்.

டேஷ்போர்டுக்குள்ள தள்றதுக்கு முன்னாடி கழட்டி வச்சிருந்த பேட்டரி நெகட்டிவ்வ கனெக்ட் பண்ணி, வெளியவே வச்சு ஒரு டிஸ்க் போட்டு, எஜெக்ட் பண்ணி, பேலன்ஸ் (இடது-வலது), ஃபேடர் (முன்-பின்) திருப்பி ஒவ்வொரு ஸ்பீக்கரா கேளுங்க. எல்லாம் சரின்னா ஆன்டெனா வயரும் ஹார்னஸும் (மத்த வயர் கட்டு) செட்டுக்கு பின்னாடி மாட்டிக்காம கீழ ஒதுக்கிவிட்டுட்டு, ரெண்டு பக்க க்ளிப்பும் டக்குன்னு விழுற வரைக்கும் உள்ள தள்ளுங்க.